இரண்டு 'உம்'

ரூத் அசாவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியைத் தொட்டுவிடுவார்கள்: மெக்சிகோக் கூடைகளும் இயற்கையும் அவருடைய சிற்பங்களுக்கு ஊற்று. அழகான வரிதான். ஆனா அதுல இருக்கிற இரண்டு 'உம்' என்னை ரொம்ப நாளா உறுத்துது. கூடை முடைந்தவரையும் காட்டுச்செடியையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறதே!

செடியை முதலில் பார்ப்போம். 1962இல் டெத் வேலிப் பாலைவனத்துச் செடி ஒன்று அசாவாவின் கைக்கு வருகிறது. வரைந்து பார்க்கிறார்; அதன் சிக்கல் பிடிபடவில்லை. சரி, கம்பியில் செய்தால் புரியும் என்று உட்கார்கிறார். தடித்த கம்பிக்கட்டு பிரிந்து, மறுபடி பிரிந்து, நுனியில் மெலிந்துபோகிறது. வரைபடத்தோடே பொழுதைக் கழிக்கும் பொறியாளனான எனக்கு, பென்சில் தோற்ற இடத்தில் விரல் ஜெயிப்பது பிடித்திருக்கிறது. இங்கே கடன் என்ற பேச்சே இல்லை. என் பெயரைப் போடு என்று செடி கேட்காது.

கூடை அப்படியில்லை. 1947இல், பிளாக் மவுண்டன் கல்லூரி மாணவியாக இருந்தபோது மெக்சிகோவின் தொலூக்காவுக்குப் போனார் அசாவா. அங்கே முட்டை வைக்கும் கம்பிக் கூடைகள். பற்றவைப்பு கிடையாது, கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போவது. உள்ளூர்க்காரர்களிடம் அதைக் கற்றார். பிறகு கூடையின் வாயை மூடினார், உருவத்துக்குள் உருவத்தை வளர்த்தார், கூரையிலிருந்து தொங்கவிட்டார். அந்தத் தாவல் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கண்ணி? முட்டை உடையக்கூடாது, கூடை கனக்கக்கூடாது, கம்பி வீணாகக்கூடாது. இதையெல்லாம் யாரோ யோசித்திருக்கிறார்கள். எங்கள் துறையில் இதற்கு 'டிசைன்' என்று பெயர், சம்பளமும் உண்டு.

திருட்டு என்று சொல்ல மாட்டேன். தொலூக்காவை அசாவா ஒருபோதும் மறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1950களில் சில விமர்சகர்கள் அவர் படைப்பையே வெறும் கைவேலை, வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்கள். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டில் பின்னியவர் அவர். பின்னாளில் அருங்காட்சியகங்கள் அவரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன. கோட்டை அழிக்கவில்லை. முட்டைக் கூடை இன்னும் அந்தப் பக்கம்தான்.

1968இல் சான் பிரான்சிஸ்கோவின் அல்வராடோ பள்ளியில் அவர் கலைப் பட்டறையைத் தொடங்கியதைச் சிலர் பதிலாகச் சொல்லலாம். பால் அட்டைப்பெட்டி, மாவும் உப்பும் பிசைந்த களிமண் என்று மலிவான பொருள்களை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்பது பெருந்தன்மையான கணக்கு. எனக்கும் அதில் மயக்கம் உண்டு. ஆனா கடன் கொடுத்த தொலூக்காக்காரர்கிட்ட யாராவது கேட்டாங்களா?

அவருடைய சிற்பம் தொங்கும் கூடத்தில், பக்கத்திலேயே ஒரு தொலூக்காக் கூடையும் தொங்கட்டும். அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில். முடைந்தவர் பெயர் தெரியாவிட்டால், பெயரைக் குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை என்று அட்டையில் எழுதட்டும்.