நிற்கும்போது செய்யும் வேலை

எங்கள் வீட்டுக் கணினியை 2012இல் வாங்கினோம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்த நேரம் அது. மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார்கள். ரத்தோட்டை பஸ்ஸில் மொனிட்டர் என் மடியில் இருந்தது, பெட்டி அப்பாவின் மடியில். "பேத்திக்கு ஆகும்" என்றார். பேத்திக்கு அப்போது நான்கு வயது.

அந்தப் பேத்தி இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் அடிக்கிற சின்னத் தூரிகையோடு குனிந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா இன்னும் இத வச்சிக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க? புதுசு ஒன்னு எடுத்துருவோமே."

அவள் கேட்டதில் பிழை இல்லை. கொஞ்சம் கடன் பட்டால் புதியது வாங்கலாம். அப்படியிருந்தும் எனக்கு ஏன் மனம் வரவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். கஞ்சத்தனமா, அப்பாவின் நினைவா, வேறு ஏதாவதா? இந்தக் கட்டுரை அந்த யோசனையின் மிச்சம்.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் இருந்த இயந்திரங்களில் சில அவர் பிறப்பதற்கு முன்பே வந்தவை. தேயிலைத் தொழிற்சாலைகளை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெல்பாஸ்ட் நகரத்தில் செய்த 'சிரோக்கோ' உலர்த்திகளும் கொழும்பு வோக்கர்ஸ் பட்டறையில் வார்த்த ரோலர்களும் தலைமுறைகளைத் தாண்டி ஓடியிருக்கின்றன. துரைமார் மாறினார்கள், கம்பனி மாறியது, தோட்டம் அரசாங்கத்துக்குப் போய்த் திரும்பவும் கம்பனிகளிடம் வந்தது. ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தது. வார்ப்பிரும்பின் உறுதி ஒரு காரணம். வாரத்தில் ஒரு நாள் அது நிற்கும்போது எண்ணெய்க் குவளையோடு அதைச் சுற்றி வந்த ஆட்கள் இன்னொரு காரணம்.

"ஓடுறப்ப மெசின் நமக்கு வேல செய்யுது. நிக்கிறப்பதான் நாம அதுக்கு வேல செய்யணும்" என்பார் அப்பா. தொழிற்சாலையில் அவருடைய பெரிய எதிரி தேயிலைப் பஞ்சு. கொழுந்து உலர்ந்து சலிக்கும்போது பிரியும் மெல்லிய நார் அது. மோட்டாரின் மேலும் காற்றாடியின் மேலும் பூனை முடிபோலப் படியும். காற்று போகிற வழி அடைபட்டு மோட்டார் சூடேறும், பஞ்சு தீப்பிடிக்கவும் கூடும். அதனால் துடைப்பதும் ஊதுவதும் அவருக்கு அன்றாடக் கடமை.

கணினிப் பெட்டியை முதன்முதலாகத் திறந்து காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "இங்கயும் அதே பஞ்சுதானா?"

அதே பஞ்சுதான். எங்கள் வீட்டில் சாமித்தட்டு கணினி மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, அடுப்படியின் விறகுப் புகை, தாளிப்பின் எண்ணெய்ப் பசை எல்லாம் தூசியோடு சேர்ந்து புரொசெசருக்கு மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல ஒட்டியிருந்தன. புரொசெசர் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாமோ "பழசாப்போச்சு, இழுக்குது" என்கிறோம். பாதி நேரம் அதற்கு வயதாகியிருப்பதில்லை, மூச்சு முட்டுகிறது. மேசையைச் சாமித்தட்டிலிருந்து எட்டடி தள்ளிப் போட்டோம். கணினிக்கு நான் செய்த முதல் பராமரிப்பு அதுதான், காசு செலவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, ஒரு பலகையாவது அடியில் வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடான காற்று போக வழியில்லை. காற்றாடியை ஊதிச் சுத்தம் செய்யும்போது அது தறிகெட்டுச் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நினைவகப் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால், திரை வராமல் அடம்பிடித்த கணினி சில நேரம் எழுந்துவிடும். புரொசெசருக்கும் உலோகத் தகடுக்கும் இடையில் இருக்கும் பசை சில வருடங்களில் காய்ந்துபோகும். பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப்பசை வைக்க வேண்டும். அப்பாவுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை. "கிரீஸ் காஞ்சா பேரிங் கத்தும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் மழைக்கும் ஒரு பாடம் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் நக்கிள்ஸ் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். இடி இறங்குவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும் என்பதை ஒரு ரவுட்டரைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். மின்னல் வந்த வழி நான் அடைக்க மறந்த வழி.

ஒருமுறை கணினி தினமும் காலையில் தேதியை மறந்து எழுந்தது. இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரித்தது. நகரத்தில் ஒரு கடையில் "மதர்போர்ட் போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மதர்போர்டில் நாணயம்போல ஒரு மூன்று வோல்ட் பற்றரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்தால் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றுகளில் தேதி உண்டு. அது கணினியின் தேதியோடு பொருந்தாததால்தான் அந்த எச்சரிக்கை. ஒரு பிளேன்டீயும் வடையும் சாப்பிடுகிற செலவில் அந்த நோய் தீர்ந்தது. பொருளைத் தெரிந்துவைத்திருப்பவனை ஏமாற்றுவது கடினம். தெரியாதவனை யாரும் ஏமாற்றவேண்டியதில்லை, அவனே ஏமாந்துகொள்வான்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2022 வந்தது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர், மே நடுப்பகுதியில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. புதுக் கணினி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஓடுகிற பழையது வைத்திருந்தவன் செல்வந்தன். எங்கள் யூபிஎஸ்ஸின் ஈயப் பற்றரி, திரும்பத் திரும்ப முழுதாக வடிந்து, மறுபடி நிரம்ப நேரமில்லாமல், அந்த வருடமே செத்தது. மின்சாரம் திரும்பியதும் உடனே கணினியைப் போடாமல் பத்து நிமிடம் பொறுத்துப் போடுவதை அப்போதுதான் வழக்கமாக்கினோம். மின்சாரம் திரும்பும் முதல் நிமிடங்களில் வோல்ட் கூடிக் குறையும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாங்கள் பொருளைப் பேணுகிறவர்களா, அல்லது வாங்க வழியில்லாதவர்களா? தோட்டத்து லயங்களில் சுருட்டுப் பெட்டியில் ஆணி சேர்த்து வைத்திருப்பார்கள். சாக்கைப் பிரித்துக் கயிறாக்குவார்கள். அதைப் பண்பாடு என்று சொல்வது வெளியே நின்று பார்ப்பவருக்கு எளிது. இல்லாமை பழக்கிய பழக்கம் அது. அதனால் உண்மையான கேள்வி வேறு: கையில் காசு இருக்கிற நாளிலும் அந்தப் பழக்கம் மிஞ்சுமா? மிஞ்சினால்தான் அது நம்முடையது. மகளின் கேள்வி என்னைத் தைத்ததும் அந்த இடத்தில்தான்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு துடைத்தும் பெரியதை நான் தவறவிட்டேன்.

அப்பா 2016இல் காலமானார். அதற்கு முந்திய வருடம் மாசிமகத்தின்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரத பவனிக்குப் போயிருந்தோம். ஐந்து தேர்களும் தெருவில் இறங்கிய நேரம், வெற்றுடம்போடு வடம் பிடித்த அப்பாவை நான் நிறையப் படம் எடுத்தேன். எல்லாம் கணினியில் இருந்தன. 2018இல் ஒரு வாரமாகப் பெட்டிக்குள் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தட்டு, அதன்மேல் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் ஊசல்போல அசையும் ஒரு முனை. அந்த முனை இடம் தெரியாமல் தடுமாறும்போது வரும் சத்தம் அது. நானோ "வயசாயிருச்சு" என்று விட்டுவிட்டேன். எட்டாம் நாள் டிஸ்க் எழவில்லை. கொழும்புவரை கொண்டுபோயும் படங்கள் மீளவில்லை.

அப்பா ஸ்க்ரூட்ரைவரின் நுனியைப் பேரிங்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்தப் பேரிங் அடுத்த மாதம் போகும் என்று சொல்லிவிடுவார். அவர் இருந்திருந்தால் அந்த 'டிக், டிக்' முதல் நாளே அவருக்குக் கேட்டிருக்கும். ஒரு தூசி விடாமல் பெட்டியைப் பேணினேன். பெட்டிக்குள் இருந்ததைப் பேணவில்லை.

உள்ளே இருப்பதைப் பேணியவர்களின் இடம் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. மாத்தளை நகரத்திலிருந்து தம்புள்ளைப் பாதையில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் மிகுந்த வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை மனப்பாடமாகவே காக்கப்பட்ட திரிபிடகத்தைப் பிக்குகள் அங்கே ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. மனனம் செய்தவர்கள் பசியில் இறந்துபோனால் சொல்லும் சேர்ந்து இறந்துவிடும் என்ற பயம். இன்றும் அங்கே போனால் எழுத்தாணியால் கீறி, கரிமையைப் பூசித் துடைத்து எழுத்தைத் துலங்க வைத்துக் காட்டுகிறார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்த விகாரையின் சுவடிகள் பெருமளவு அழிந்தன. ஆனாலும் திரிபிடகம் அழியவில்லை. அதற்குள் அது எத்தனையோ இடங்களில், எத்தனையோ கைகளால் படியெடுக்கப்பட்டிருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவற்றில் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. அவை திரும்பவேயில்லை.

சுவடி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வேலைகள் தெரிந்திருந்தன. ஓலைக்கு எண்ணெய் பூசுவது ஒன்று. ஓலை எப்படியும் ஒருநாள் பொடியாகும் என்று ஏற்றுக்கொண்டு, அது நன்றாக இருக்கும்போதே புது ஓலையில் எழுதிவைப்பது மற்றது. முதல் வேலையை அப்பாவிடம் கற்றேன். இரண்டாவதை, பக்கத்திலேயே அலுவிகாரையை வைத்துக்கொண்டு, கற்காமல் விட்டேன். இப்போது எங்கள் வீட்டுப் படங்கள் கணினியில் ஒன்று, வெளியே ஒரு டிஸ்க்கில் ஒன்று, கண்டியில் தம்பி வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. அப்பா வடம் பிடித்த படம் மட்டும் எதிலும் இல்லை.

செத்த டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். நினைவகத்தையும் இரட்டிப்பாக்கினேன். மூன்று நிமிடம் முனகிக்கொண்டு எழுந்த கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்தது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியதுபோல இருந்தது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் தேயிலை மரமாகிப் போகும், கொழுந்து எட்டாது. வெட்டி வெட்டித்தான் அந்தச் செடி நூறு வருடம் கொழுந்து தருகிறது. கணினியிலும் தொடங்கும்போதே தானாக ஓடுகிற தேவையில்லாத மென்பொருள்களையும், திறந்தே பார்க்காத கோப்புகளையும் வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுகிறேன். பேணுவது என்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 எங்கள் பழைய புரொசெசரை ஏற்றுக்கொள்ளாது. காற்றாடி சுற்றுகிறது, பற்றரி புதிது, பசை புதிது, ஆனாலும் கணினி 'பழையது' என்று வேறெங்கோ ஒரு நாட்காட்டி சொல்லிவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒன்றில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியல்ல. ஆகவே காசு கேட்காத லினக்ஸ் மின்ட்டைப் போட்டேன். தமிழ் எழுதலாம், படம் பார்க்கலாம், மகளின் பாடங்களும் ஓடுகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் குவியலில் நாட்காட்டி பார்த்து எறியப்பட்டவை எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. தூரிகையை அவள் கையில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினாள். காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தச் சத்தம் வழக்கமா வர்றதாப்பா?" என்று கேட்டாள். மேசை மின்விசிறியின் சத்தம் அது. இருந்தாலும் கேட்டாளே.

இந்தக் கணினி ஒருநாள் நிற்கும், அப்போது புதியதை வாங்குவோம், அதில் எனக்குத் தகராறில்லை. அதுவரை கேட்கிற காது வீட்டில் இன்னொன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறக்க நினைத்தால், நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்கள். அதற்கு முன், முதலில், வீட்டுப் பெரியவர்களின் படங்களை இன்னோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிடுங்கள். தூசி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.