அளவைக்கு அகப்படாத நோய்

வைரசுக் காய்ச்சல் தணிந்த பின்னும் சிலரை அயர்ச்சி ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. கருவி எதுவும் அதனைக் காட்டாதபோது, நோயாளியின் சொல்லை நம்புதல் கடனாகுமா?

1955இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலை ஊழியர் 200 பேருக்கு மேற்பட்டோர் இனந்தெரியாத நோய்க்கு ஆளாயினர். சிலரிடம் அயர்ச்சி நிலைத்தது. 1970இல் உளமருத்துவர் இருவர், நோயாளரை நேரிற் காணாது, பழைய பதிவேடுகளைக் கொண்டே அதனை ‘ஹிஸ்டீரியா’ என்றனர். பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டமையை அதற்கொரு சான்றாக்கினர். 2006இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வோ, மூவகைத் தொற்றுகளுக்கு ஆளானோருள் நூற்றுக்கு 12 பேரிடம் ஆறு மாதங்களின் பின்னும் அயர்ச்சி நீடித்ததைக் கண்டது. அதனை முன்னுணர்த்தியது தொடக்க நோயின் கடுமையே, மனநிலை அன்று.

ஐயம் மருத்துவனின் உரிமையே. ஆயினும், தவறாக நம்பியவன் இழப்பது சிறிது காலம்; தவறாக ஐயுற்றவன் பறிப்பதோ பிறரது வாழ்வு. எனவே, காரணம் புலப்படாவிடத்து ‘நான் அறியேன்’ எனலாம். ‘உனக்கு நோயில்லை’ எனல் அறமாகாது.