‘வேற வழியில்ல’ என்று சொல்வதற்கு முன்

ஒரு கட்டடம் பெருசா, ஒரு மனுஷனோட உயிர் பெருசா? இப்படிக் கேட்டால் நாம் யோசிக்கவே மாட்டோம். உயிர்தான் என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தாலியில் மோன்தே காசினோ மலைக்குப் போய் வந்த பிறகு, அந்தப் பதில் சரிதான், ஆனால் அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது.

போன விடுமுறையில் அண்ணனும் நானும் ரோமிலிருந்து காலை ரயிலில் கிளம்பினோம். மலை உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது மடாலயம். கி.பி. 529 வாக்கில் புனித பெனடிக்ட் என்ற துறவி தொடங்கியது. “இவ்ளோ பழசா? புதுசு மாதிரி இருக்கே அண்ணே” என்றேன். “புதுசுதான். போருக்கு அப்புறம் திரும்பக் கட்டினது” என்றார்.

1944-இல் ஜெர்மானியப் படை அந்த மலையில் நேச நாட்டுப் படைகளை மறித்து நின்றது. கீழே நின்ற வீரர்களுக்கு, மேலேயிருந்து அந்த மடாலயம் தங்களையே பார்ப்பது போல இருந்ததாம். எதிரி உள்ளேதான் இருக்கிறான் என்று பலரும் நம்பினார்கள். மலையைப் பிடிக்க வேண்டிய 4-வது இந்தியப் படைப்பிரிவின் தளபதி, தன் வீரர்களைக் காப்பாற்றத்தான், குண்டு போடச் சொல்லிக் கேட்டார். பிப்ரவரி 15-ஆம் தேதி 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. மடாலயம் தரைமட்டமானது.

அதற்குள் ஜெர்மானியப் படை இல்லை. இருந்தவர்கள் துறவிகளும், தஞ்சம் புகுந்த ஊர் மக்களும்தான். அந்த மக்களில் பலர் இறந்தார்கள்.

சரி, வீரர்களின் உயிராவது தப்பியதா? அதுவும் இல்லை. அன்றைக்கே குண்டு விழும் என்ற தகவல் முன்னணியில் இருந்த இந்தியப் படைக்கு நேரத்தில் வரவில்லை. சில குண்டுகள் அவர்கள் பக்கமே விழுந்தன. ஜெர்மானியர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து, அதையே அரணாக்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து ராஜ்புத்தானா ரைபிள்ஸ் வீரர்களும் கூர்க்காக்களும் ஏறிப் போய், உயிர்களைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். மே 18-ஆம் தேதிதான் போலந்துப் படை அந்த மலையில் கொடி ஏற்றியது.

மதியம் கீழே காமன்வெல்த் போர்க் கல்லறைக்குப் போனோம். 4,000-க்கும் அதிகமானவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறையே இல்லாதவர்களின் பெயர்கள் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிங், ராம், தாபா என்று நமக்குப் பழக்கமான பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம். நிமிர்ந்தால் அதே மடாலயம். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இவங்க பேரைச் சொல்லித்தானே இடிச்சாங்க” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குண்டு விழுவதற்கு ஏழு வாரம் முன்பே தளபதி ஐசன்ஹோவர் ஓர் ஆணை போட்டிருந்தார். புகழ்பெற்ற கட்டடமா, நம் வீரர்களா என்று வந்தால் வீரர்கள்தான் முக்கியம் என்றது அது. ஆனால் ‘போரின் அவசியம்’ என்ற பெயரில் வெறும் வசதியை ஒளித்துவைக்கக் கூடாது என்றும் அதே ஆணை எச்சரித்தது. முதல் பாதி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாம் பாதி?

கேட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தன் பிள்ளைகள் சாவதைப் பார்க்கிறவருக்கு எவ்வளவு பயம் இருக்கும்! ஆனால் நல்ல எண்ணம் மட்டும் ஒரு செயலை நியாயமாக்கிவிடாது. உண்மை என்ன என்று தெரிந்துகொள்வதும், செய்வது பலன் தருமா என்று பார்ப்பதும் தர்மத்தின் பகுதிதான்.

நாமும் தினமும் ‘வேற வழியில்ல’ என்கிறோம். நண்பனை ஒதுக்கும்போது, வீட்டில் பொய் சொல்லும்போது, சங்கத்தில் ஒருவரை விசாரிக்காமலே நீக்கும்போது. அப்போது இரண்டு கேள்வி கேட்போம். எனக்கு இது நிச்சயமாத் தெரியுமா? இது அவசியமா, இல்ல எனக்கு வசதியா?

மடாலயத்தைத் திரும்பக் கட்ட முடிந்தது. 1964-இல் போப்பாண்டவரே வந்து அர்ச்சித்தார். கல்லில் பெயராகிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நம் சிங்கப்பூர் கிராஞ்சியிலும், தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பெரும்பாலும் இந்தியப் படையினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு வாருங்கள்.