உதிர்ந்த இறகுக்கு யார் பொறுப்பு?

கூண்டின் அடித்தட்டில் இறகுகள் உதிர்ந்து கிடக்கக் கண்டால், “நோய் வந்துவிட்டதோ” என்று பதறுவோர் சிலர். “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்று வாளாவிருப்போர் பலர். பின்னவர் சொல்வது பொறுமையா, அன்றிப் பொறுப்பைக் கை கழுவுதலா?

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறுபறவை இன்று நம் இல்லங்கள் பலவற்றில் வளர்கின்றது. (நம் நாட்டுச் சில்லைகளை நான் குறிப்பிடவில்லை. 1991-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபின் அவற்றைப் பிடித்து விற்பது குற்றம்.) நம் நகத்தைப் போலவே இறகும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது; தேய்ந்துவிட்டால் தானே செப்பமுறாது. ஆதலின் பழையது கழிந்து புதியது முளைத்தாக வேண்டும். எத்துணை ஒழுங்குடன் அது நிகழ்கின்றது! ஒரே நாளில் எல்லாம் உதிர்வதில்லை. இருபுறமும் ஒத்த முறையில், பறக்கும் ஆற்றல் அழியாதவாறு, சிறிது சிறிதாக விழுகின்றன. விழுந்த இடத்தில் உறை மூடிய குருத்து முள்போல் எழுகின்றது; அதனுள் குருதி ஓடும். அந்நாட்களில் பறவை பாட்டைக் குறைத்து ஒடுங்கியிருக்கும். அவித்த முட்டை, முளைகட்டிய தினை, கணவாய் ஓடு, குளிக்கத் தட்டில் நீர் ஆகியவற்றைத் தந்து, தொல்லை செய்யாதிருந்தாற் போதும். இங்கே பொறுமை தகும்.

ஆனால், உச்சந்தலை வழுக்கையாகித் தோல் தெரிந்தால்? எந்தப் பறவையின் அலகும் தன் தலையை எட்டாது. உண்ணி பற்றியிராவிட்டால், பெரும்பாலும் உடனுறையும் பறவையே பிடுங்கியிருக்கும். ஏன் பிடுங்கிற்று? இரண்டு வாழ வேண்டிய கூண்டில் ஆறினை அடைத்தோம். அல்லது கூடு கட்ட நார் வைக்க மறந்தோம், அது துணையின் இறகையே நாராக்கிக் கொண்டது. காட்டிலாயின் கொத்துப்பட்ட பறவை பறந்து தப்பியிருக்கும். கதவைச் சாத்தியவர் நாமல்லவா?

அனைத்தும் அவன் விதித்தவாறே நடக்கும் என்பது நம் ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. எனினும், பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவிடாமல், மண்ணில் இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். அப்பூனையின் மரணமும் விதியில் உள்ளதுதான். ஆயினும் அவள் தண்டனையினின்று தப்பவில்லை. விதியை நம்புவது வேறு, அதன் பின்னே ஒளிந்துகொள்வது வேறு.

பறவை வளர்ப்பதே ஆகாதென்று இதற்குப் பொருளன்று. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்திருந்தார். அது இறந்தபோது, துயருற்ற அச்சிறுவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைப் பற்றிக் கனிவோடு வினவினார்கள். அச்சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துக்காட்டித் தனி நூலே இயற்றினார் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ். கூண்டில் பறவை வைப்பதற்கான அனுமதியையும் அறிஞர்கள் இதிலிருந்தே பெற்றனர்; வதையாமல் பேண வேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் உண்டு.

பேணுவதென்பது தினை கொட்டுவது மட்டுமன்று. எந்த இறகு தானே விழுந்தது, எது பிடுங்கப்பட்டது என்று பார்த்தறிவதும் அதனுள் அடங்கும். கொத்தும் பறவையை வேறு கூண்டுக்கு மாற்றினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே வழுக்கைத் தலையில் குருத்துகள் எழக் காணலாம்.