பார்வையாளனின் பங்கு

ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டேற்றோனாக் கடற்கரை நகரிலே, 40 கார்கள் அளவில் அணிவகுத்து நிற்க, 500 மைல் பந்தயமொன்று தொடங்குகின்றது. ஸ்டொக் கார்ப் பந்தயத்தின் பருவம் 1982 முதல் இதனோடுதான் ஆரம்பமாகி வருகின்றது. முந்திய நவம்பரிற் பருவம் முடிந்த நாள் தொட்டே இரசிகன் இந்நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். எந்தச் சாரதி எந்த அணிக்கு மாறினான், எவன் ஓய்வு பெற்றான், விதிகளில் எது திருத்தப்பட்டது என்பவையெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அவன் காத்திருப்பது எதற்காக? வேகத்துக்காகவா, திறமைக்காகவா, அல்லது தானே வாய்விட்டுச் சொல்லத் துணியாத வேறொன்றுக்காகவா? மணிக்கு 190 மைலை ஒட்டிய வேகத்தில், ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கி, 31 பாகை சாய்ந்த வளைவுகளில் அக்கார்கள் ஓடுகின்றன. அதில் மனிதர் சாகக்கூடும் என்பது பார்ப்பவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கிறான். ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்க, அதிலே களிப்பவனுக்கு அச்செயலிற் பங்குண்டா? உண்டெனின் எவ்வளவு? நாமும் இப்பந்தயங்களைத் திரையிற் பார்த்து வருபவர்களே. ஆதலின் இக்கேள்வியை எட்ட நின்று எழுப்பவில்லை.

ஒழுக்கவாதிகள் வைத்திருக்கும் விடை மிக எளிது. பண்டை உரோமாபுரியில் அடிமைகள் வாளேந்திப் பொருது மடிவதைக் கண்டு ஆர்ப்பரித்த கூட்டத்துக்கும் இக்கூட்டத்துக்கும் வேறுபாடில்லை என்பர். படித்த மேற்தட்டினர் உழைக்கும் மக்களின் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த உரோமாபுரி எப்படியோ வந்துவிடுகிறது. இமயத்தில் ஏறுபவன் விழுந்து மாண்டால் அது வீரம். பஞ்சாலைத் தொழிலாளி பார்க்கும் பந்தயத்தில் ஒருவன் மாண்டால் அது காட்டுமிராண்டித்தனம்! இந்த அளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை.

இரசிகனை உண்மையில் அறிய விரும்புவோர் ஒரு சிறு காட்சியை நோக்க வேண்டும். இக்கார்களில் சாரதியின் பக்கத்துச் சாளரத்திலே கண்ணாடிக்குப் பதிலாக வலையொன்று கட்டப்பட்டிருக்கும். விபத்துக்குள்ளான சாரதி நலமாயிருந்தால் அவ்வலையை அவிழ்த்துத் தாழ்த்திவிடுவான். மீட்புப் பணியாளருக்கு அதுவே அடையாளம். கார் ஒன்று சுவரில் மோதிப் புரண்டு நின்றதும் அரங்கின் கூச்சல் அடங்குகிறது. பத்தாயிரக் கணக்கான கண்களும் அந்த வலைமீதே நிலைத்து நிற்கின்றன. வலை தாழ்ந்ததும் எழுகிறதே ஓர் ஆரவாரம், அது வெற்றிக் கொடி அசையும்போதும் எழுவதில்லை. சற்றுமுன்வரை அதே சாரதியை ஏசிக்கொண்டிருந்தவனும் எழுந்து கைதட்டுகிறான். இரத்தம் காண வந்த கூட்டம் இப்படி மூச்சடக்கிக் காத்திராது.

ஆயினும் இதனால் இரசிகன் குற்றமற்றவனாகிவிட்டான் என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். அவன் மரணத்தை விரும்பவில்லை. ஆனால் ஆபத்தை விரும்புகிறான். ஆபத்து என்பதோ மரணம் நேரக்கூடும் என்பதன்றி வேறென்ன? ஆபத்தை விரும்பி அதன் விளைவை மட்டும் வெறுக்க ஒருவனால் இயலுமா? இயலும் என்றே நாம் கருதுகிறோம். இரசிகன் காண விழைவது ஆபத்தை மனிதன் வெல்லும் திறமையை. கயிற்றின்மேல் நடப்பவனைத் தரையில் நடக்கவிட்டால் அவனுடைய திறமை குறைந்துவிடாது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. இவ்விருப்பத்தில் இழிவில்லை. இடர் எங்கே தொடங்குகிறதென்றால், கயிற்றை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, கீழே வலை விரிப்பதா இல்லையா என்பதை நடப்பவன் தீர்மானிக்காமல், ரிக்கற் விற்பவன் தீர்மானிக்கும்போதுதான்.

இங்கே இரண்டாவது விடைக்காரர் குறுக்கிடுவர். சாரதியை எவரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவன் தானே விரும்பி வந்தவனல்லவா என்பர். இவ்விருப்பம் எங்கிருந்து வந்தது என்று வரலாற்றைக் கேட்போம்.

அப்பலாச்சிய மலைச்சாரலின் ஏழைக் கமக்காரர், விளைந்த சோளத்தை விற்று வாழ வழியின்றி, அதைச் சாராயமாக வடித்து இரவோடிரவாக நகரங்களுக்கு ஏற்றினர். நம்மூரிற் கசிப்பு என்போமே, அதுதான். வரி அதிகாரிகளுக்குத் தப்ப, வெளியே சாதாரணமாகத் தோன்றும் காரின் இயந்திரத்தையும் வில்லையும் திருத்தி, மலைப்பாதைகளிலே விளக்கணைத்து ஓட்டிப் பழகினர். பகலில் அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டதே இவ்விளையாட்டின் வேர்களில் ஒன்று. 1947 டிசெம்பரில் டேற்றோனாவின் விடுதியொன்றில் பில் பிரான்ஸ் என்பவர் பந்தயக்காரரைக் கூட்டிப் பேசி, அடுத்த ஆண்டில் நாஸ்கார் என்னும் அமைப்பை நிறுவினார். கடையில் விற்கும் காரையே மாற்றமின்றி ஓட்ட வேண்டும் என்பது அவர் புதிதாக வகுத்த தொடரின் விதி. 'ஸ்டொக்' என்பதன் பொருளும் அதுவே. 1949 யூன் 19ஆம் திகதி சார்லட்டில் நடந்த அதன் முதற்பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவே தகுதி நீக்கப்பட்டார். அவர் ஓட்டிய காரின் பின்வில் திருத்தப்பட்டிருந்தது. சாராயம் ஏற்றும் கார்களிற் செய்யும் திருத்தம் அது! சட்டத்துக்கு ஒளித்து ஓடியவர்களின் கைவேலையால் பிறந்த விளையாட்டு, தன் முதல் நாளிலேயே அக்கைவேலையைக் குற்றமெனத் தள்ளியது. 50 பந்தயங்களில் வென்று புகழ்பெற்ற ஜூனியர் ஜோன்சனும் 1956இல் தந்தையின் வடிசாலையிற் பிடிபட்டுச் சிறை சென்றவர்தாம். 1986இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இத்தகையோர் விரும்பி வந்தனர் என்பது மெய். ஆனால் ஆலையின் தூசும் வறண்ட சோளக்காடும் மட்டுமே மாற்று வழிகளாக இருக்கையில், அவ்விருப்பத்தைச் சுதந்திரத்தின் முழுவடிவமாகக் கொள்வது எங்ஙனம்?

அந்தச் சுதந்திரத்தின் எல்லை 1961இல் வெளிப்பட்டது. கேர்ட்டிஸ் ரேணர் என்ற சாரதி சகசாரதிகளைத் தொழிற்சங்கமாகத் திரட்ட முயன்றார். பரிசுத்தொகையில் நியாயமான பங்கு, ஓய்வூதியம், மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி என்பன கோரிக்கைகள். ரேணரைத் தியாகியாக்க நாம் முற்படவில்லை. தாம் பங்காளியாகக் கட்டிய பந்தயத்திடலின் கடனைத் தீர்க்கப் பாரவண்டிச் சாரதிகளின் சங்கத்திடம் பணம் பெறவே அவர் இதில் இறங்கினார். கோரிக்கைகளின் நியாயம் அதனாற் குறைந்துவிடவில்லை. பில் பிரான்ஸ் அவரையும் ரிம் பிளொக் என்பவரையும் ஆயுட்காலத்துக்கு விலக்கினார். முதலிற் சங்கத்தில் இணைந்த ஃபயர்போல் ராபர்ட்ஸ் விலகி வந்துவிட்டார். அதே ராபர்ட்ஸ் 1964 மே மாதம் சார்லட் பந்தயத்திலே தீக்காயமுற்று யூலை 2ஆம் திகதி மாண்டார். உடையாத ரப்பர்ப் பை கொண்ட எரிபொருட்கலன்கள் அதன் பின்னரே வந்தன.

இவையெல்லாம் முதலாளியும் சாரதியும் பற்றிய கதைகள். இரசிகன் எங்கே என்று வாசகர் கேட்கலாம். 1969ஆம் ஆண்டில் அவன் மேடைக்கு வருகிறான்.

அலபாமா மாநிலத்தில், டலடேகாவில், டேற்றோனாவிலும் பெரிதாகப் புதிய திடலொன்றை பில் பிரான்ஸ் கட்டி முடித்திருந்தார். செப்ரெம்பரில் முதற்பந்தயம். பயிற்சி ஓட்டத்திலே மணிக்கு 200 மைலை எட்டும் வேகத்தை ரயர்கள் தாங்கவில்லை. சில சுற்றுகளிலேயே உரிந்து பிய்ந்தன. அவ்வாண்டு உருவான சாரதிகள் சங்கத்தின் தலைவர் றிச்சட் பெற்றி. பந்தயத்தை ஒத்திவைக்குமாறு சாரதிகள் கேட்டனர், பிரான்ஸ் மறுத்தார். பெற்றியும் முன்னணிச் சாரதிகள் பலரும் கார்களை ஏற்றிக்கொண்டு வெளியேறினர். பிரான்ஸ் வேறு சாரதிகளைக் கொண்டு, இடையிடையே ஓட்டத்தை மெதுவாக்கி, பந்தயத்தை நடத்தி முடித்தார். றிச்சட் பிறிக்ஹவுஸ் என்ற இளைஞர் வென்றார். அவரது வாழ்வில் அந்த உயர்மட்டத் தொடரிற் கிடைத்த ஒரே வெற்றி அது. ரிக்கற் வாங்கி வந்தோருக்கு, அதே ரிக்கற்றைக் கொண்டு பின்னொரு பந்தயத்தையும் பார்க்கலாம் என்ற சலுகை அறிவிக்கப்பட்டது.

கூட்டம் எழுந்து போகவில்லை, அமர்ந்து பார்த்தது.

அக்கூட்டத்திற் பெரும்பாலோர் உழைப்பாளிகளாகவே இருந்திருப்பர். கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வலை தாழக் காத்திருக்கும் அதே நெஞ்சங்கள்தாம் அவை. தூர இடங்களிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டார்கள், பணமும் கொடுத்தாயிற்று. ஆயினும் அன்று ஒழிந்திருந்தால் அப்பகிஷ்கரிப்பை வெல்லச் செய்திருக்கக்கூடிய ஆசனங்கள், நிறைந்திருந்ததால் அதனைத் தோற்கச் செய்தன. பார்வையாளனின் பங்கு எங்கே என்று தேடுவோர் அவனது மனத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்: அவன் இரகசியமாக இரத்தத்தை விரும்பினானா, இல்லையா என்று. நாம் அவனுடைய ஆசனத்தைப் பார்க்கச் சொல்கிறோம். உள்ளத்தில் எவ்வளவு இரக்கம் இருந்தபோதிலும், உட்கார்ந்த இடத்தால் அவன் ஒரு பக்கத்தைச் சேர்ந்துவிட்டான்.

கூட்டத்தின் மௌனம் வேறோரிடத்திலும் பேசியது. 1963 டிசெம்பர் 1ஆம் திகதி ஜாக்சன்விலில் கறுப்பினச் சாரதி வென்டல் ஸ்கொட் வென்றார். கொடி பக் பேக்கருக்கு அசைந்தது. வெற்றிக் கிண்ணமும் அவருக்கே சென்றது. சனங்கள் கலைந்து பல மணி நேரத்தின் பின்னர், கணக்கு பிழைத்ததென்று கூறி வெற்றியை ஸ்கொட்டுக்குப் பதிந்தனர். வெற்றி மேடையில் வெள்ளை அழகுராணியின் அருகே அவர் நிற்பதைத் தவிர்க்கவே அக்கணக்கு பிழைத்தது என்று சொல்வாருண்டு. 1990இல் அவர் இறந்தார். அமைப்பின் கையாற் கிண்ணம் அவரது குடும்பத்தைச் சேர்ந்தது 2021இல். நிற ஒடுக்குமுறையின் சின்னமான பழைய தென்னகக் கொடியைப் பந்தயத் திடல்களிலே தடைசெய்ததும் 2020 யூனிற்றான். இரசிகர்களில் ஒரு சாரார் அதனையும் முணுமுணுப்போடுதான் ஏற்றனர்.

இனி, ஆபத்தைத் தாமே காதலித்த சாரதியின் கதை ஒன்று. டேல் ஏண்ஹார்ட் ஏழுமுறை சாம்பியன். வட கரோலினாவின் ஆலை நகரொன்றிலிருந்து எழுந்தவர். தொழிலாளரான இரசிகர் அவரிலே தம்மைக் கண்டனர். முகம் திறந்த பழைய தலைக்கவசத்தையே அணிந்து ஓட்டிவந்தார். மோதலிலே தலை முன்னோக்கி வீசப்படாமற் காக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் கருவி 1980களிலேயே உருவாகியிருந்தது. அவர் அதை விரும்பவில்லை. 2000ஆம் ஆண்டில் அடம் பெற்றி, கெனி எர்வின், ரோனி ரோப்பர் ஆகிய மூவர் மாண்டபின்பும் அது கட்டாயமாக்கப்படவில்லை. 2001 பெப்ரவரி 18ஆம் திகதி, டேற்றோனாவில் இறுதிச் சுற்றின் இறுதி வளைவில் ஏண்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அன்று வலை தாழவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரிற் கருவி கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டு முதல் மோதலை உள்வாங்கும் சுவர்கள் எழுந்தன. அதன் பின்னர் அந்த உயர்மட்டத் தொடரிலே பந்தயத்தில் ஒரு சாரதியும் இறக்கவில்லை. 2020இல் அதே டேற்றோனாவில் றையன் நியூமனின் கார் தலைகீழாய்ப் பறந்து நொறுங்கியபோதும், இரண்டே நாளில் அவர் மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியேறினார்.

ஏண்ஹார்ட் அக்கருவியை விரும்பாததை அவரது தனிப்பட்ட பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அஞ்சாதவன் என்ற படிமத்துக்காகத்தானே இலட்சோபலட்சம் பேர் அவரது படம் பொறித்த சட்டையை வாங்கினர்? அப்படிமத்தைக் கேட்டவனும் கொடுத்தவனும் விற்றவனும் ஒருங்கே நெய்த வலையிலே அவர் இருந்தார். எவரும் தனித்து விலக முடியாத அவ்விடத்தில், எல்லாருக்கும் பொதுவான கட்டாய விதியே வழி திறந்தது. எவனும் கோழை எனப்படாமற் கருவியை அணியலாயிற்று. கட்டாயம் சுதந்திரத்தின் பகை என்று கூறுவோர் இதைச் சிந்திப்பாராக.

பாதுகாப்பு மிகுந்தபின் பந்தயம் சுவையற்றுப் போயிற்று என்று குறைப்படும் பழைய இரசிகர் இன்றும் உள்ளனர். அவர்களது ஏக்கம் வேறொன்றுக்கானது என நமக்குப்படுகிறது. தான் ஓட்டும் காரே திடலில் ஓடுகிறது என்ற பழைய உறவு அற்றுவிட்டது. 2022இல் வந்த கார் எல்லா அணிகளுக்கும் ஒரே நிறுவனங்களின் உறுப்புகளாற் பூட்டப்படுவது. முன்விளக்கு என்பது ஒட்டிய படம் மட்டுமே. 'ஸ்டொக்' என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நமது நாட்டில் இக்கேள்வி இன்னும் கொடூரமாக எழுந்தது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்திலே கார் ஒன்று பாதை விலகிப் பார்த்து நின்றோரிடையே பாய்ந்து 7 பேர் மாண்டனர். சிறுமியொருத்தியும் அவர்களுள் ஒருத்தி. அங்கே பார்வையாளனும் ஓடுபவனும் ஒரே ஆபத்துக்குள் நின்றனர். அத்திடலில் எத்தகைய அரண் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி இருவரையும் எவரும் கேட்டதில்லை.

அமெரிக்காவிலோ, 2024 ஒக்ரோபரிற் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன் பங்காளியாயுள்ள அணியும் இன்னோர் அணியும் நாஸ்கார் அமைப்பின் ஏகபோகத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தன. 2025 டிசெம்பரில், விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே, அணிகளின் பங்கேற்பு உரிமத்தை நிரந்தரமாக்கும் சமரசத்தோடு அது முடிந்தது. அணிச் சொந்தக்காரருக்கு இது வெற்றி. சாரதிகளுக்கோ 2022 முதல் ஆலோசனைக் குழுவொன்று உண்டு. 1961இல் ரேணர் கேட்ட சங்கம் இன்றுவரை இல்லை. பெப்ரவரிக்கு நாள் எண்ணும் இரசிகன், அணி மாற்றங்களின் பட்டியலோடு இதனையும் படித்திருப்பான்.