அம்பு போகும் தூரமும் ஆகும் தூரமும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காரைக்கால் வயல்களில் நீர் தேங்கும்; அரசலாற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கொக்கும் நாரையும் வந்திறங்கும். அத்தகைய ஒரு மாலையில், நம்மிடம் ஓதும் மாணவன் ஒருவன் சட்டைக்குள் எதையோ பொத்தியபடி வந்து நின்றான். எடுத்துக் காட்டினான், ஒரு கொக்கு. உயிர் இருந்தது. ஒரு சிறகு முறிந்து தொங்கியது. மற்றொரு கையில் ரப்பர் வார் கட்டிய உண்டிவில்.

"ஹஜ்ரத், இப்போது அறுத்தால் ஹலால்தானே?" என்று கேட்டான்.

பிக்ஹு நூல்களில் பயின்றவாறே விடை சொன்னோம். கல்லடி பட்டே இறந்திருந்தால் ஆகாது. உயிரோடு கைக்கு வந்து முறைப்படி அறுக்கப்பட்டால் ஆகும் என்றோம். பையனின் முகம் மலர்ந்தது. "வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்தே அடித்தேன் ஹஜ்ரத்! நாளைக்கு இன்னும் தூரத்திலிருந்து அடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சட்டத்தைச் சரியாகச் சொன்னோம்; ஆனால் பையனைத் தவறவிட்டோம். அவன் கேட்டது அறுப்பதைப் பற்றி. அவன் உள்ளத்தில் இருந்ததோ தூரத்தைப் பற்றிய பெருமிதம். இன்னும் தொலைவிலிருந்து குறிபார்க்கும் ஆற்றலை ஒருவன் வளர்த்துக்கொள்ளலாமா? வளர்த்துக்கொண்டால் அந்தத் தூரம் முழுவதும் அவனுக்கு உரிமையாகிவிடுமா? நாம் அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எழுத முனைகின்றோம்.

வில்வித்தையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. நபி இஸ்மாயீல் (அலை) அவர்கள் வில்லாளியாக இருந்ததை நினைவூட்டி, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எய்து பழகும்படி தம் காலத்து இளைஞரை ஊக்கினார்கள். பிற்காலத்தில் அரபு மொழியில் வில்லுக்கென்றே நூல்கள் எழுந்தன. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களும் வீரக்கலை பற்றிய தம் நூலில் இதை விரித்து எழுதினார்கள். 1453இல் இஸ்தான்பூலை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ், 'ஒக்மெய்தானி' என்னும் அம்புத்திடலை அமைத்தார். ஏறத்தாழ 600 மீட்டருக்கு அம்பைச் செலுத்திக் காட்டியவரே அங்கே தேர்ந்த வில்லாளராக ஏற்கப்பட்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் திடலில் தூரமே இலக்கு. எந்த உயிரும் அங்கே இலக்காக நிறுத்தப்படவில்லை.

தூரத்தில் குறி தவறாமை எவ்வாறு கைகூடுகிறது? பழைய ஆசான்கள் மாணவன் கையில் முதலில் கொடுத்தது இளகிய வில்லை. நிறுத்தியது வைக்கோல் பொதிக்கு மிக அருகில். நாணை இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையில் ஒரே இடத்தில் வந்து படிய வேண்டும். அம்புகள் எடையிலும் விறைப்பிலும் ஒத்திருக்க வேண்டும். விரல் நாணை விட்ட பின்னும் வில் பிடித்த கை அசையாது நிற்க வேண்டும். பத்தடித் தொலைவில் எல்லா அம்பும் ஓரிடத்தில் குவிந்த பிறகே ஐந்தடி பின்வாங்கலாம். அங்கே அம்புகள் சிதறினால் மீண்டும் முன்வர வேண்டும். பின்வாங்குவதற்குப் பொறுமை வேண்டும். முன்வருவதற்கு வெட்கத்தை விட வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. இராஜஸ்தானத்து உதயப்பூர்ப் பகுதியின் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லால் பறவை வேட்டையாடி வளர்ந்தவர் லிம்பாராம். 1987இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சிக்கூடத்தில் நாள்தோறும் எய்து எய்து, மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காக வில்லேந்தினார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தூரத்தில் 360 புள்ளிக்கு 358 பெற்றார். வேட்டைக்காரனின் கலை இரையை நெருங்குவது. விளையாட்டு வீரரின் கலை விலகி நின்று எய்வது. இரண்டிலும் கண்ணும் கையும் ஒன்றே. எனினும் போட்டியில் இரண்டு புள்ளி குறைந்தால் நட்டம் வீரருக்கு. காட்டில் அதே குறைவின் நட்டம் விலங்குக்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மரபுவில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் செல்லும் என்று கொள்வோம். 20 மீட்டரைக் கடப்பதற்குள் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிடும். 40 மீட்டரில் ஏறக்குறைய நான்கு மீட்டர். தூரம் இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்காகிறது. வில்லாளி தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிட்டால், 20 மீட்டரில் அம்பு அரைச் சாண் கீழே படும். 40 மீட்டரிலோ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கும். நெஞ்சில் பட வேண்டியது காலில் படும்.

மதிப்பீட்டைப் பயிற்சியால் திருத்திவிடலாம் என்பீர்கள். உண்மைதான். ஆயினும் பயிற்சிக்கு எட்டாத ஒன்று இருக்கிறது. நாணின் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 40 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானின் செவியில் ஒலி விழுந்து முக்கால் நொடி கழித்தே அம்பு வந்து சேரும். அதற்குள் மான் உடலைத் தாழ்த்தும், திரும்பும், துள்ளும். வில்லாளியின் கை பிழை செய்யவில்லை. குறியே இடம் பெயர்ந்துவிட்டது. வைக்கோல் பொதி நமக்காகக் காத்திருக்கும், உயிர் காத்திருக்காது.

இவ்விடத்தில்தான் நபிமொழிகளின் நுட்பம் விளங்குகிறது. அம்பெய்தபின் இரை நீரில் வீழ்ந்து கிடந்தால் உண்ணாதீர், கொன்றது நீரா அம்பா என்பதை நீர் அறியீர் என்ற கருத்தில், அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் விளக்கம் தந்தார்கள். உறுதியில்லாத இடத்தில் கையை மடக்கிக்கொள் என்பதே அதன் உட்பொருள். விரலிடையில் கல்லைச் சுண்டி எறிவதையும் அவர்கள் தடுத்தார்கள். அது இரையை வீழ்த்தாது, பகைவனையும் ஒடுக்காது, கண்ணையும் பல்லையுமே போக்கும் என்பது காரணம். கோழியைக் கட்டிவைத்துக் குறிபார்த்துப் பழகிய இளைஞரைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோர் சபிக்கப்பட்டவர் என எச்சரித்தார்கள். உணவுக்காக வேட்டையாடுவதை அனுமதித்த மார்க்கம், குறித்திறனைச் சோதித்துப் பார்க்க உயிரை எடுப்பதை அனுமதிக்கவில்லை. இந்திய நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் வயலுக்கு வரும் கொக்கை அடிப்பது குற்றமும் ஆகும். அன்று பையனிடம் இதையும் சொல்லாதுவிட்டோம்.

தமிழ் கற்றோர் ஒரு தடை எழுப்பக்கூடும். முயலை வீழ்த்திய அம்பை விட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே இனிது என்ற கருத்தை வள்ளுவர் படைச்செருக்கில் வைத்திருக்கிறாரே. அரிய குறியை நாடுவதுதானே ஆண்மை? நல்ல வினா. ஆனால் அங்கே பேசப்படுவது போர்க்களத்து ஊக்கம். எதிரே வருவது யானை. வேல் தவறினால் உயிரைப் பணயம் வைப்பவன் வீரனே. வாய்க்காலின் அக்கரையில் நின்று கல்லெறிபவன் எதைப் பணயம் வைக்கிறான்? அவன் பெருமைக்கான விலையைக் கொக்கு கொடுக்கிறது. தன் இழப்புக்குத் துணிவது வீரம். பிறர் இழப்பில் துணிவு காட்டுவதற்கு வேறு பெயர் உண்டு.

ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு (கி.பி. 625) உஹதுக் களத்தில், அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் தலைமையில் 50 வில்லாளர் குன்றின்மேல் நிறுத்தப்பட்டார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. இடம்விட்டு அகலாதீர் என்ற கட்டளையைப் பெரும்பாலோர் காக்காததால்தான் அன்றைய வெற்றி கைநழுவியது. ஆகவே வில்லாளியின் தேர்ச்சி எய்வதில் பாதி. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும், எய்யக்கூடாதபோது நாணைத் தளர்த்துவதும் மறுபாதி. தொலைதூரப் பயிற்சியின் மெய்யான பயனும் இதுவே: அம்பு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுவதோடு, தன் கை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் அது வில்லாளிக்கு அறிவித்துவிடுகிறது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்த மாணவனை அழைத்தோம். மதரஸாவின் பின்சுவர் மீது ஒரு கொட்டாங்கச்சியை வைத்தோம். பத்து அடி தொலைவில் நிற்கச் சொன்னோம். பத்துக் கல்லில் எட்டு பட்டது. முப்பது அடிக்குப் போகச் சொன்னோம். பத்தில் ஒன்று பட்டது. அந்த ஒன்றுக்காக அவன் துள்ளிக் குதித்தான்.

"மீதி ஒன்பது கல் எங்கே போயின என்று போய்ப் பார்த்து வா" என்றோம்.

போனான். சுவரில் அங்கங்கே சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. கொட்டாங்கச்சிக்கு ஒரு சாண் இடப்புறம் ஒன்று, கீழே இரண்டு, இப்படி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவன், நடுவில் நின்றுவிட்டான். வெகுநேரம் நம் பக்கம் திரும்பவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், அந்தக் கொக்கின் சிறகில் பட்டது இப்படி ஒரு கல்தானே?"

ஆம் என்றோம். அதற்கு மேல் நாம் எதுவும் சொல்லவில்லை.