ரோகமும் பிரசாதமும்

தக்ஷன் செய்த யாகம் வீரபத்திரரால் அழிந்த கதையைப் புராணப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் கதையை ஒரு வைத்திய நூலும் எடுத்துச் சொல்லுகிறது என்பது சற்று வியப்பாகவே இருக்கும். சரக சம்ஹிதையின் நிதான ஸ்தானம், மனிதனுடைய பெரிய வியாதிகள் பலவும் அந்த யாகசாலைக் கலவரத்தில்தான் பிறந்தன என்கிறது: மகேசுவரனுடைய நெற்றியிலிருந்து ஜ்வரம் வந்தது, திசைக்கொருவராகச் சிதறி ஓடியவர்களிடம் குல்மம் தோன்றியது, பயத்திலும் சோகத்திலும் உன்மாதம் பிறந்தது, ஹவிஸை உண்டதனால் பிரமேகமும் குஷ்டமும் உண்டாயின. நாம் இன்று சர்க்கரை வியாதி என்று வழங்கும் மதுமேகம் அந்தப் பிரமேகத்தின் முற்றிய நிலை. தேவர்களுக்கென்று நெய்யும் அன்னமும் சொரிந்த வேள்விக்களத்தையே இந்த நோய்க்குப் பிறந்தகமாகக் காட்டிய சாஸ்திரகாரனுடைய துணிவை நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு.

திருவனந்தபுரத்தில் வாழ்கிறவனுக்கு இந்தக் கதை வெறும் புராணமாகப் படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நாடு முழுவதிலும் மதுமேகம் இருக்கிறதென்றால், கேரளத்தில் அந்தக் கணக்கு 25.5, கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே இதற்கு மேலே நிற்கின்றன. சாலைக் கடைத்தெருவில், மலையாளிகள் அங்காடிமருந்துக் கடை என்றும் நம்மவர்கள் நாட்டு மருந்துக் கடை என்றும் சொல்லும் அந்த வாசனை மிகுந்த கடைகளில் சிறிது நேரம் நின்றால், ஏகநாயகவேரும், நாவற்கொட்டையும், தேற்றான்கொட்டையும், தமிழில் சிறுகுறிஞ்சான் என்றும் மலையாளத்தில் சக்கரக்கொல்லி என்றும் பெயர் பெற்ற கொடியின் உலர்ந்த இலையும் ஓயாமல் நிறுவையில் ஏறி இறங்குவதைக் காணலாம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது ஒன்று. இதைச் சாப்பிட்டால் ஓணத்துக்கு ஒரு கிண்ணம் பாயசம் குடிக்கலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்வி வைத்தியனுக்கு உரியது. இரண்டாவது கேள்வி, கேட்பவருக்கே தெரியாமல், வேதாந்தத்தின் வாசலில் போய் நிற்கிறது.

வியாதி என்பது விதியா, மனிதன் தானே தேடிக்கொண்டதா என்ற விவாதம் நம் நாட்டில் மிகப் பழையது. அகத்தியர் பெயரால் வழங்கும் கன்மகாண்டம், நோய்களுக்கு முன்வினையைக் காரணமாக்கிப் பரிகாரங்களையும் சொல்லுகிறது. அந்த அகத்தியருடைய மலையான பொதிகை, இந்த ஜில்லாவின் கிழக்கெல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சரகரும் பூர்வஜன்ம கர்மத்தை மறுக்கவில்லை. ஆனால் விமான ஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், மனிதனுடைய ஆயுள் முன்கூட்டியே அறுதியிடப்பட்டதா என்று சீடனான அக்னிவேசன் கேட்கும்போது, குருவான ஆத்ரேயர் சொல்லும் சமாதானம் இன்றைக்கும் படித்துப் படித்து மகிழத்தக்கது. தெய்வம் என்பது முன் செய்த யத்தனம், புருஷகாரம் என்பது இப்போது செய்யும் யத்தனம்; இரண்டும் ஒன்றோடொன்று பலப்பரீட்சை செய்கின்றன, பலம் குறைந்தது தோற்கிறது என்கிறார் அவர். எல்லாம் விதித்தபடியே நடக்குமென்றால் மந்திரமும், மணியும், ஔஷதமும், ஏன், வெறிகொண்ட யானையின் வழியிலிருந்து விலகி நிற்பதுங்கூட, வீண் காரியமாகிவிடும் என்ற வாதத்தை அவர் எடுத்து வைக்கும்போது, அந்தப் பழங்காலத்து ஆசிரியர் நம்முடைய கடைத்தெருவில் நின்று பேசுவது போலவே தோன்றுகிறது.

விதிக்கும் யத்தனத்துக்கும் நடுவே சரகர் இன்னொன்றையும் வைக்கிறார். பிரக்ஞாபராதம் என்பது அதன் பெயர். புத்தி, தைரியம், ஞாபகம் மூன்றும் பிறழ்ந்த நிலையில் மனிதன் செய்யும் குற்றம் அது. கெடுதல் என்று அறியாமல் செய்கிறவனைப் பற்றிச் சாஸ்திரம் அதிகம் கவலைப்படவில்லை. அவனுக்குச் சொன்னால் தெரிந்துகொள்வான். கெடுதல் என்று நன்றாகத் தெரிந்தும், மருத்துவரிடம் பரிசோதனைச் சீட்டைக் காட்டிவிட்டு வந்த அதே கையால் லட்டை எடுக்கிறவனைப் பற்றித்தான் அதற்குக் கவலை. நம்முடைய நீதி நூல்கள் பாபம் என்று சொல்லும் இடத்தில் வைத்திய நூல் அபராதம் என்று சொல்லி, அதை நரகத்துக்கு அனுப்பாமல் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் அனுப்பிவிடுகிறது. உண்பதில் பேராசையும், நடப்பதிலும் நீராடுவதிலும் வெறுப்பும் உள்ளவனைப் பிரமேகம் விரைந்து வந்து சேரும் என்று கூறும் அந்த நூல், சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் முன் அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்திருக்கிறது.

பிரமேகம் இருபது வகை. கபத்தால் வருபவை பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு. முதற்பத்தும் தீரக்கூடியவை, நடு ஆறும் தீராமல், ஆனால் பத்தியத்தாலும் மருந்தாலும் அடக்கிக்கொண்டு காலம் தள்ளக்கூடியவை, கடைசி நான்கும், மதுமேகம் உள்பட, அசாத்தியம். பிறவியிலேயே வித்தின் தோஷத்தால் வருவதும் அசாத்தியம். இப்படித் தன் கையாலாகாத எல்லையைத் தானே கோடு கிழித்துக் காட்டியதை ஆயுர்வேதத்தின் தோல்வி என்று சிலர் சொல்லுவதுண்டு. எனக்கு அது அந்தச் சாஸ்திரத்தின் தர்மமாகவே படுகிறது. தீராததைத் தீர்க்கப் புகும் வைத்தியன் பொருளையும், கல்வியையும், கீர்த்தியையும் இழப்பான் என்று எச்சரித்த நூலின் பெயரைச் சொல்லிக்கொண்டே, மூன்று மாதத்தில் சர்க்கரையை வேரோடு களைகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள், சர்க்காருக்கு மட்டுமன்று, சரகருக்கும் குற்றவாளிகள். சர்க்கார் தன் பங்குக்கு 1954-ல் ஒரு சட்டம் செய்து, எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாதோ அந்தப் பட்டியலில் மதுமேகத்தையும் சேர்த்திருக்கிறது. பிறவியிலேயே வருவதாக ரிஷிகள் கைவிட்ட வகையை ஒத்த பாலருடைய மதுமேகத்துக்கு, 1922-ல் டொரான்டோ நகரத்தில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட இன்சுலின் பிராணதானமாக அமைந்தது. அதை நிறுத்திவிட்டு இலையை நம்பும் பெற்றோர் தங்கள் பக்திக்குக் குழந்தையைப் பலியாக வைக்கிறார்கள் என்று நான் தயங்காமல் சொல்லுவேன்.

இனி மூலிகைகளின் விஷயம். அவற்றுக்குச் சக்தியில்லை என்று சொல்லுவதற்கும் இடமில்லை. கேரளத்து வைத்தியர்களுக்கு வேதம் போன்ற அஷ்டாங்க ஹ்ருதயம், மேகங்களுக்கு நெல்லியும் மஞ்சளுமே தலைசிறந்தவை என்கிறது. சஹஸ்ரயோகத்தில் வரும் நிசாகதகாதி கஷாயம் மஞ்சளும், தேற்றான்கொட்டையும், ஏகநாயகமும் சேர்ந்தது. அந்த ஏகநாயகத்தின் இனத்தைச் சேர்ந்த, சிங்களவர்கள் கொத்தலஹிம்புட்டு என்று போற்றும் கொடியிலிருந்து, மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்தும் சத்துக்களை ஜப்பானியர் 1990-களின் இறுதியில் பிரித்தெடுத்தார்கள். வேங்கை மரத்தை வைத்து நான்கு இடங்களில் நடந்து 1998-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், 97 நோயாளிகளில் 67 பேருக்குச் சர்க்கரை அடங்கியது. ஆனால் மருந்து கொடுக்காத ஒரு கூட்டத்தோடு அங்கே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1990-ல் வெளியிட்ட சோதனையில் சிறுகுறிஞ்சானின் சாரத்தை ஒன்றரை ஆண்டுக்கு மேல் உண்ட 22 பேரில் ஐந்து பேரால் மாத்திரையை விட்டுவிட முடிந்தது. மற்றப் பதினேழு பேரை மறந்துவிட்டு அந்த ஐவரை மட்டும் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆங்கில மருந்துக் கடையில் வாங்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஐரோப்பாவின் ஒரு பச்சிலைதான் மூதாதை என்பதை நினைத்தால், பச்சிலை தெய்விகம், மாத்திரை அன்னியம் என்ற பிரிவினையே நிற்பதில்லை. கஷாயத்தோடு மாத்திரையும் இன்சுலினும் சேரும்போது சர்க்கரை அளவு மீறி இறங்கி மயக்கம் வருவதுண்டு. ஆதலால் என்ன குடிக்கிறோம் என்பதை இரு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சிறுகுறிஞ்சானில் வைத்தியத்துக்கு அப்பாற்பட்ட ஒரு விசித்திரம் இருக்கிறது. அதன் இலையை மென்றபின் அரைமணி, முக்கால்மணி நேரத்துக்கு நாவில் இனிப்பு என்ற உணர்ச்சியே எழுவதில்லை. உதகமண்டலத்தில் சர்க்காரின் ரசாயன சாஸ்திரியாக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-லேயே அதற்குக் காரணமான அமிலத்தைப் பிரித்து எழுதினார். நானும் மென்று பார்த்திருக்கிறேன். வெல்லம் வாயில் மண்ணாகக் கரைந்தது. இந்திரிய நிக்ரஹத்தைப் பற்றிக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் பேசும் இடத்தில், உணவை ஒதுக்கியவனிடமும் அதன் ருசி தங்கியிருக்கும், பரம்பொருளைக் காணும்போதுதான் அந்த ருசியும் போகும் என்றொரு கருத்து வருகிறது. இந்த இலையோ ருசியை முதலில் அறுத்துவிடுகிறது. அப்படியானால் இது ஓர் அரைமணி நேரத்து ஜீவன்முக்தியா? அன்று என்பதை வெல்லம் மண்ணான அந்த நிமிஷத்திலேயே அறிந்துகொண்டேன். ஏனென்றால் நாக்கு மறந்ததை மனம் மறக்கவில்லை, எப்போது இலையின் வேகம் தணியும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. கீதாசாரியன் சொன்ன ருசி நாக்கின் நரம்பில் குடியிருப்பதன்று என்பதற்கு இதைவிட மலிவான பிரமாணம் கிடைப்பது அரிது. மூலிகை வைராக்கியத்துக்குத் துணை செய்யும். வைராக்கியத்தின் ஸ்தானத்தில் அமராது.

இதனால்தானோ என்னவோ, ஆயுர்வேதத்தின் மற்றொரு மூலாசிரியரான சுச்ருதர் பிரமேகிக்கு மருந்து சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் திடீரென்று சந்நியாசத்தைச் சொல்லுகிறார். பொருளும் உறவும் இல்லாத நோயாளி, செருப்பும் குடையும் இன்றி, பிக்ஷை எடுத்து உண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காமல், முனிவனைப் போல் புலனடக்கி, நூறு யோஜனையோ அதற்கு மேலோ நடக்கவேண்டும். பொருளுள்ளவன் காட்டுத் தானியங்களையும் நெல்லிக்காய் முதலியவற்றையும் உண்டு மான்களோடு வசிக்கவேண்டும். மற்றவன் ஓயாமல் உழவேண்டும். கிணறு தோண்டுவதும் ஒரு சிகிச்சை. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது தேகப்பயிற்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் தேகப்பயிற்சிக்குக் குடையை ஏன் பறிக்கவேண்டும்? உட்காரும் சுகத்தாலும் தூங்கும் சுகத்தாலும் வந்த நோய்க்கு, சுகத்தையே வேண்டாமென்று சொல்லப் பழகிய ஆசிரமத்தை மருந்தாக்குவது என்பது அந்த வைத்தியனுடைய எண்ணம். மோக்ஷத்துக்காக ஒருவன் ஏற்கும் விரதத்தை மற்றொருவன் மூத்திர ரோகத்துக்காக ஏற்கிறான். இரண்டுக்கும் விதி ஒன்றாகவே இருக்கிறது. நம்முடைய முன்னோர்கள் இதில் ஒரு கௌரவக் குறைவையும் காணவில்லை.

பிரசாதத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். இந்த ஊரில் அது சிறிய கேள்வியன்று. மதுரையை எரித்த கண்ணகி வந்து தங்கியதாக ஐதிகமுள்ள ஆற்றுக்காலில், கும்ப மாதத்துப் பூர நக்ஷத்திரத்தன்று, இலட்சக்கணக்கான பெண்கள் மைல் கணக்கில் தெருவோரங்களில் அடுப்புக் கூட்டி, அரிசியும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பொங்கலிடுகிறார்கள். பிற்பகலில் தீர்த்தம் தெளித்தபின் அந்தப் பானை வீட்டுக்கு வருகிறது. பகவதிக்குப் படைத்ததை வேண்டாமென்று சொல்ல யாருக்கு நாவெழும்? சரகருடைய தக்ஷ யாகக் கதையைச் சொல்லி அவர்களை வழிமறிக்கும் தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் பிரசாதம் என்பது அநுக்கிரகமானால், அநுக்கிரகத்தைப் படியால் அளக்க முடியாதென்பதும் உண்மையாகவேண்டும். ஒரு துளசித் தளத்தில் முழுப் பிரசன்னமும் அடங்கும் என்று நம்புகிறவர், ஒரு விரல்நுனிப் பொங்கலில் அது அடங்காது என்று இரண்டாவது கரண்டிக்குக் கிண்ணத்தை நீட்டினால், அவரை நீட்டச் சொன்னது பக்தியன்று.

ஸ்ரீபத்மநாபசுவாமி சந்நிதியில் எனக்கு இன்னும் இரண்டு நியாயங்கள் கிடைத்திருக்கின்றன. பெருமாளின் திருமேனி கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, கடுசர்க்கரயோகம் என்ற மூலிகைக் கலவையால் உருவானது என்பார்கள். அந்தக் காரணத்தால் மூலமூர்த்திக்கு அபிஷேகம் கிடையாது, அதற்கென்று வேறு விக்ரகம் இருக்கிறது. தம் சரீரத்துக்கு ஒவ்வாததைப் பெருமாளே விலக்கி வைத்திருக்கும்போது பத்தியம் காப்பதில் பக்தனுக்கு என்ன குறை? இரண்டாவது, அந்த க்ஷேத்திரத்தின் ஆதிக்கதை. அனந்தங்காட்டில் பகவானைக் கண்ட முனிவர், திவாகரர் என்பாரும் உண்டு, வில்வமங்கலம் சுவாமியார் என்பாரும் உண்டு, கைக்கு எட்டிய மாங்காயைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து நிவேதித்தார். இன்றும் பொற்கவசமிட்ட சிரட்டையில் உப்புமாங்காய் நைவேத்தியமாகிறது. பால்பாயசமும் அங்கே உண்டுதான். ஆனால் அனந்தபுரத்தில் ஆண்டவன் முதலில் ஏற்றுக்கொண்டது புளிப்பு.

சுச்ருதர் கேட்ட நூறு யோஜனைக்கு இந்த ஊர் வசதியான இடம். 365 தூண்களும் ஒரு கால் தூணும் கொண்டதாகச் சொல்லப்படும் ஸ்ரீபலிப்புரையைக் கருங்கல் தரையில் வெறுங்காலோடும், கோவில் விதிப்படி சட்டையில்லாமலும் சுற்றி வரும் முதியவர்களைக் காணும்போது, அவர்கள் பிரதக்ஷிணம் செய்கிறார்களா, பிரமேக சிகிச்சை செய்துகொள்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிக்கவேண்டிய அவசியமும் இல்லை. அவர்களில் சிலர் மாலையில் சுற்றி முடித்துக் கிழக்கேகோட்டைக்கு வந்து, பழம்பொரியும், மதுரம் தூக்கலாக ஒரு சாயாவும் வாங்கிக்கொண்டு நிற்பதையும் பார்க்கிறேன். அக்னிவேசன் பக்கத்தில் இருந்திருந்தால் தன் குருவிடம் இன்னுமொரு கேள்வி கேட்டிருப்பான்.